பனிக்கு அடியில் கிடக்கும் நிலத்தைக் கணக்கிட்டு வரைதல்

அண்டார்டிகாவின் பனிவிரிப்பு ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமனில் கிடக்கிறது. அதன் மேற்பரப்பை இன்று நாம் நன்றாகவே அறிவோம். 2018இல் நாசா ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள், விநாடிக்கு 10,000 முறை பச்சை நிற லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் ஒளித்துகள்களின் பயண நேரத்திலிருந்து பனியின் உயரத்தைக் கணிக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மாற்றம்கூட அதற்குத் தப்புவதில்லை. ஆனால் பனி எவ்வளவு விரைவில் கடலில் இறங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அடியில் இருக்கும் பாறைநிலம். அதன் உயரமோ பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஐயத்துடன்தான் தெரிகிறது.

மேற்கு அண்டார்டிகாவின் பெரும்பகுதிப் பனி, கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்த நிலத்தின் மேல் அமர்ந்துள்ளது. கடலை நோக்கி நகரும் பனியாறு ஓரிடத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். அந்த எல்லையே தரைதொடு கோடு. அக்கோட்டில் பனி தடித்திருக்கும் அளவுக்கு வெளியேறும் அளவும் மிகும். அப்பகுதியிலுள்ள த்வெய்ட்ஸ் பனியாற்றின் அடிநிலம் உள்நோக்கிச் செல்லச் செல்ல ஆழமாகிறது. ஆகவே கோடு பின்வாங்கினால் இன்னும் தடித்த பனி வெளியேறும், அதனால் மேலும் பின்வாங்க நேரிடலாம். குறுக்கே ஒரு மேடு இருந்தால் இந்தப் போக்கு அங்கே தடைபடக்கூடும். மேடு உண்டா இல்லையா என்ற கேள்வியில் பெருங்கடல்களின் மட்டமே அடங்கியிருக்கிறது.

அடிநிலத்தை நேரடியாகக் காணும் வழி, விமானத்திலிருந்து ரேடியோ அலைகளைச் செலுத்துவது. குளிர்ந்த பனிக்குள் இவ்வலைகள் மைக்ரோவிநாடிக்கு ஏறத்தாழ 168 மீட்டர் வேகத்தில் ஊடுருவிச் செல்லும். எனவே 3 கிலோமீட்டர் தடிமனுள்ள பனியின் அடியிலிருந்து எதிரொலி திரும்ப 36 மைக்ரோவிநாடிகள் ஆகும். பறந்த கோட்டுக்கு நேர்கீழே கிடைக்கும் இந்த அளவு நம்பகமானது. குறை என்னவென்றால், இரு பறப்புக் கோடுகளுக்கு இடையே பல கிலோமீட்டர் வெற்றிடம் எஞ்சும். முன்பு அந்த இடைவெளிகளைப் புள்ளியியல் முறையில் வழவழப்பாக நிரப்பினார்கள். அப்படி நிரப்பும்போது குறுகிய பள்ளத்தாக்குகள் வரைபடத்திலிருந்தே மறைந்துபோயின.

இங்குதான் கணக்கீடு கைகொடுக்கிறது. ஒரே அகலமுள்ள வாய்க்காலில் நீர் மெதுவாக ஓடும் இடம் ஆழமான இடம் என்று பாய்ச்சுபவருக்குத் தெரியும். பனியாற்றுக்கும் இதே நியதிதான்: ஓர் எல்லை வழியாக உள்ளே வரும் பனி, அதனுடன் வழியில் பொழிந்து சேரும் பனி, உருகியும் மெலிந்தும் குறையும் பனி, வெளியேறும் பனி ஆகியவை கணக்கில் சரிக்கட்டப்பட வேண்டும். வேகமும் பனிப்பொழிவும் மேற்பரப்பு மாற்றமும் தெரிந்துவிட்டால், சமன்பாட்டில் அறியப்படாமல் நிற்பது தடிமன் மட்டுமே. மாத்யூ மோர்லிகெம் தலைமையிலான குழு 2019 டிசம்பரில் வெளியிட்ட பெட்மெஷின் அண்டார்டிகா வரைபடம், விரைந்து நகரும் பனியாறுகளுக்கு இவ்வழியைப் பின்பற்றியது. கிழக்கு அண்டார்டிகாவின் டென்மன் பனியாற்றுக்கு அடியிலுள்ள பள்ளம் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 3,500 மீட்டர் இறங்குகிறது என்றும், நிலப்பகுதியில் அறியப்பட்டவற்றுள் அதுவே மிக ஆழமானது என்றும் அதிலிருந்து தெரிந்தது. ரேடார் எதிரொலியில் அந்தப் பள்ளத்தின் அடி தெளிவாகச் சிக்கவில்லை; ஆகவே அந்த எண் அளந்து கண்டது அன்று, கணக்கிலிருந்து பெறப்பட்டது என்பதைச் செய்திகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கணக்குக்குத் தேவையான வேகம் எப்படிக் கிடைக்கிறது? ஒரே பாதையில் சில நாள் இடைவெளியில் எடுத்த இரு ரேடார் படங்களில், திரும்பிய அலைகளின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ஒப்பிட்டால் நகர்வு வண்ணப் பட்டைகளாகத் தோன்றும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், ஒரு பட்டை என்பது அதில் பாதியான 2.8 சென்டிமீட்டர் நகர்வு. இப்படிக் கிடைக்கும் பட்டைப் படங்களில் ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்தால் சீரான நகர்வு நீங்கிவிடும். கடல் ஓதத்தில் மிதக்கும் பனி எழுந்து தாழ்வது மட்டும் எஞ்சும். அது தொடங்கும் இடமே தரைதொடு கோட்டின் இருப்பிடம். ஐரோப்பிய இஆர்எஸ் செயற்கைக்கோள்களின் படங்களில் பனியாற்று ஆய்வாளர் எரிக் ரிக்னோ இம்முறையைக் கையாண்டு, மேற்கு அண்டார்டிகாவின் பைன் தீவுப் பனியாற்றின் கோடு 1992 முதல் 1996 வரை ஆண்டுக்கு 1.2 கிலோமீட்டர் பின்வாங்கியதை 1998இல் காட்டினார். பனிக்கு வெளியே வானில் இருந்துகொண்டே அதன் அடிப்பிடியைக் கண்டறிந்த இந்த முறையைத் துறையின் மிக அழகான உத்தி என்பேன்.

வடிவம் தெரிந்தாலும் அடியில் உராய்வு எவ்வளவு என்பது தெரியாது. அதனால் கணினி மாதிரியில் உராய்வை இடத்துக்கிடம் மாற்றி, மாதிரி காட்டும் வேகம் செயற்கைக்கோள் கண்ட வேகத்தோடு பொருந்தும்வரை திருத்துகிறார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. தடிமனில் உள்ள பிழையை உராய்வு மௌனமாக விழுங்கிக்கொள்ளும். இன்றைய வேகம் சரியாகப் பொருந்தும், நாளைய கணிப்பு தவறும். இன்றைய வேகத்தோடு பொருந்துவதை மட்டும் காட்டி ஒரு மாதிரியின் முன்கணிப்பை நம்பச் சொல்வது போதாது.

பாறையை ஒட்டி வழுக்கிச் செல்லும் பனியில் மேற்பரப்பு வேகமும் சராசரி வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் மேற்சொன்ன சரிக்கட்டல் அங்கே பொருந்துகிறது. ஆண்டுக்குச் சில மீட்டர் மட்டுமே நகரும் உட்பகுதிகளில் வேகத்தின் பிழை தடிமனைப் பெருமளவு திரித்துவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா–இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நைசார், 24 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரையும் கொண்டுள்ளது. நீண்ட அலை புதுப்பனியால் எளிதில் குலையாது. அண்டார்டிகாவை நன்றாகக் காண்பதற்காகவே அது இடப்பக்கமாகப் பார்க்கிறது, 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அது தரும் வேகம் நுட்பமானதாக இருந்தாலும், சமன்பாட்டைத் தொடங்கி வைக்க பனி நகர்ந்து வரும் மேற்பக்கத்தில் ஓர் இடத்திலாவது எதிரொலியால் அளந்த தடிமன் வேண்டும். அதற்கு விமானங்கள் தொடர்ந்து பறந்துகொண்டிருக்கின்றன.