சப்சிடி: மானியமா, கப்பமா, படியா?

முதல் உலகப் போர்க்கால அரேபியாவைப் பற்றி எழுதும்போது நம்மில் பலர் இப்படி எழுதிவிடுகிறோம்: "பிரிட்டன் இப்னு சவூதுக்கு மாதம் 5,000 பவுண்டு மானியம் வழங்கியது." தகவல் சரிதான். மானியம் என்ற சொல்தான் உறுத்துகிறது. இன்று மானியம் என்றதும் உர மூட்டையும் எரிவாயு சிலிண்டரும்தான் நினைவுக்கு வரும். அரசாங்கம் தன் குடிமக்களுக்காக விலையில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்வது அது. மத்திய அரேபியாவின் நஜ்து பகுதிக்கு அமீராக, அதாவது ஆட்சியாளராக, இருந்த இப்னு சவூது பிரிட்டனின் குடிமகன் அல்ல, அவர் எந்தப் பொருளையும் விலை குறைத்து வாங்கவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சப்சிடி என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. சப்சிடியம் என்றால் பின்னால் அமர்ந்திருப்பது. ரோமானியப் படையில் முன்வரிசைகள் மோதிக்கொண்டிருக்கும்போது, முறை வரும் வரை பின்னால் காத்திருந்த சேமப் படைக்கு அந்தப் பெயர். அங்கிருந்து பொருள் உதவிக்கு நகர்ந்தது, அப்புறம் பணத்துக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நாடாளுமன்றம் மன்னருக்கு ஒதுக்கித் தந்த வரிப்பணம். பிறகு, ஓர் அரசு போரில் தன் பக்கம் நிற்பதற்காக இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் பணம். நெப்போலியனுக்கு எதிராக ஐரோப்பிய மன்னர்களுக்குப் பிரிட்டன் அள்ளிக் கொடுத்தது இந்த வகைதான். உரத்துக்கும் ரொட்டிக்கும் தரும் சப்சிடி எல்லாவற்றுக்கும் பிந்தியது. அந்தக் கடைசிப் பொருள் மட்டுமே தமிழில் மானியமாகப் பரவியிருக்கிறது.

இந்தியாவுக்கு இந்தச் சொல் தலைகீழாக வந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தில் (ஆங்கிலத்தில் சப்சிடியரி அலையன்ஸ்) பணம் கொடுத்தவர் இந்திய மன்னர், வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1798இல் ஹைதராபாத்தும் 1799இல் தஞ்சாவூரும் அந்த வலைக்குள் போயின. மன்னரின் நாட்டில் கம்பெனிப் படை நிற்கும், அதன் செலவை மன்னர் தருவார், கம்பெனியைக் கேட்காமல் வேறு அரசுகளோடு உறவு வைக்கமாட்டார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பாரசீக வளைகுடாவில் பிரிட்டனின் அரசியல் அதிகாரிகள் லண்டனின் நேரடி ஆட்கள் அல்ல, பிரிட்டிஷ் இந்திய அரசின் ஆட்கள். ஒப்பந்தம் எழுதும் பழக்கத்தையும் அவர்கள் இந்தியாவிலிருந்தே கொண்டுபோனார்கள்.

1915 டிசம்பர் 26 அன்று வளைகுடாக் கரையோரம் தாரினில் அந்த அதிகாரிகளில் ஒருவரான பெர்சி காக்ஸும் அப்துல் அஜீஸ் இப்னு சவூதும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். வேறு எந்த வெளிநாட்டோடும் கடிதப் போக்குவரத்தோ உடன்படிக்கையோ கூடாது. பிரிட்டனின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான் கரை ஷேக்குகளின் எல்லைக்குள் கை வைக்கக் கூடாது. 1916 ஜூலையில் இதற்கு ஒப்புதல் அளித்தவர் இந்திய வைஸ்ராய் செம்ஸ்போர்டு, அளித்த இடம் சிம்லா. பேர் சொல்லிப் பாதுகாக்கப்பட்ட அந்தப் பட்டியலில், மக்காவும் மதீனாவும் உள்ள மேற்கு அரேபியப் பகுதியான ஹிஜாஸ் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு நடந்தவற்றுக்கு அது முக்கியம்.

மாதப் பணம் உடனே வரவில்லை. முதலில் துப்பாக்கிகளும் கடனும்தான் வந்தன. 1916 நவம்பரில் காக்ஸ் குவைத்தில் ஒரு தர்பார் கூட்டி, இப்னு சவூது, குவைத் ஆட்சியாளர் ஜாபிர், முஹம்மரா ஷேக் கஸ்அல் ஆகிய மூவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார். அங்கிருந்து இப்னு சவூதை பஸ்ராவுக்கு அழைத்துப்போய் விமானம் காட்டினார்கள், எக்ஸ்ரே கருவியில் அவருடைய சொந்தக் கை எலும்பையே காட்டினார்கள். அதன் பின்புதான் மாதம் 5,000 பவுண்டு என்று முடிவானது. கூடவே 3,000 துப்பாக்கிகளும் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும். எதிர்பார்ப்பு ஒன்றுதான்: துருக்கியர் பக்கம் நின்ற ஹாயில் ஆட்சியாளர் இப்னு ரஷீதைச் சும்மா இருக்கவிடக் கூடாது. 1915 ஜனவரியில் அதே ரஷீதின் படையோடு ஜர்ராபில் நடந்த சண்டையில்தான், இப்னு சவூதோடு நின்ற பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் ஷேக்ஸ்பியர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

மேற்கே செங்கடல் பக்கம் கதை வேறு. அங்கே பணப்பை கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் கையில். 1916 ஜூனில் மக்காவில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கிய ஷெரீப் ஹுசைனுக்குத் தொடக்கத்தில் மாதம் 1,25,000 பவுண்டு, பிறகு 2,00,000 பவுண்டு அளவுக்கும் ஏறியது. பெரும்பாலும் தங்க நாணயமாக. பாலைவனத்தில் காகித நோட்டை யாரும் வாங்கத் தயாராக இல்லை. அந்த நாணயத்தின் ஆங்கிலப் பெயரான சாவரின்தான் நம் நகைக்கடைகளில் சவரன் என்று நிற்கிறது, எடையும் ஏறக்குறைய அதே 8 கிராம். 1,25,000 சவரன் என்றால் ஒரு டன் தங்கம். மாதா மாதம் ஒரு டன்! பெண்ணுக்கு எத்தனை சவரன் என்று கணக்குப் போடும் எவருக்கும் அந்தத் தொகையின் கனம் புரியும்.

இவ்வளவு ஏன் தேவைப்பட்டது? ஹுசைனின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஹிஜாஸில் விளைச்சல் சொற்பம், அது பிழைத்ததே ஹஜ் பயணிகளால். போர் வந்ததும் பயணிகள் வரத்து விழுந்தது, பிரிட்டிஷ் கடற்படையே செங்கடல் கரையை முற்றுகையிட்டுத் தானியத்தைத் தடுத்தது. அதோடு, ஆண்டுதோறும் இஸ்தான்புல்லிலிருந்து வந்துகொண்டிருந்த சுர்ராவும் கிளர்ச்சியோடு போயிற்று. சுர்ரா என்றால் பண முடிச்சு. நம் பொற்கிழிதான். மக்கா, மதீனா மக்களுக்கும், பயணிகளை வழிமறிக்காமல் விடுவதற்காகப் பாதையோரப் பழங்குடிகளுக்கும் சுல்தான் அனுப்பிய பணம் அது. கிளர்ச்சி செய்தவன் அந்த முடிச்சை இழந்தான். அந்த ஓட்டையை யாராவது அடைத்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் தமிழில் இதை என்னவென்று சொல்வது? இங்கேதான் ஒரு சிக்கல். பழங்குடிகளிடையே குவ்வா என்றொரு வழக்கம் இருந்தது. சொல்லின் பொருள் சகோதரப் பணம். நடைமுறையில், வலிய குலத்துக்கு எளிய குலமோ சோலைவன ஊர்களோ "எங்களைத் தொடாதே, பிறர் தொட்டால் கேள்" என்று கொடுப்பது. தென் தமிழ்நாட்டு ஊர்கள் காவல்காரர்களுக்குக் கொடுத்த பாடிகாவல் பணத்துக்கு மிகப் பக்கத்தில் வரும். அந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் கண்ணுக்குப் பணம் வாங்குகிறவர்தான் வலியவர். காக்ஸின் கணக்குப் புத்தகத்திலோ பணம் கொடுக்கிறவரே எசமான். ஒரே தங்கத்தை இரண்டு பேரும் இரண்டு திசையிலிருந்து பார்த்தார்கள். இதில் யார் மேல், யார் கீழ் என்று நம் தமிழ்ச் சொல் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அந்தக் கவலையோடு பார்த்தால் பல சொற்கள் கழிந்துபோகின்றன. திறையும் கப்பமும் எளியவர் வலியவருக்குக் கட்டுவது. அப்படி எழுதினால் பிரிட்டன் இப்னு சவூதுக்கு அடங்கியதாக ஆகும். கொடை என்றால் எதிர்பார்ப்பு இல்லை. இங்கே எதிர்பார்ப்பு எழுத்திலேயே இருந்தது. கையூட்டு மறைவாகத் தருவது, இதுவோ இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசி முடித்த தொகை. உதவித்தொகை என்றால் மாணவர் நினைவு வருகிறது, வாங்குகிறவர் இல்லாதவர் என்ற சாயலும் ஒட்டிக்கொள்கிறது.

மானியத்துக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பழைய பொருள் இதற்கு அவ்வளவு தொலைவில் இல்லை. மதிப்புக்குரியது என்னும் வடசொல்லிலிருந்து வந்த மானியம், நம் ஊர்களில் வரி நீங்கிய நிலத்தைக் குறித்தது. கோயிலுக்கு, ஊர்க்காவலுக்கு, இன்னின்ன ஊழியத்துக்கு என்று விட்ட நிலம். வேலை செய்தால் நிலம் என்ற அந்த நிபந்தனை இங்கேயும் பொருந்தும். ஆனால் மானிய நிலம் தலைமுறை தலைமுறையாகப் போகும், கொடுத்தவர் தம் ஆட்சிக்கு உட்பட்டவருக்கே கொடுப்பார். இதற்கு இணையாகச் சொல்லப்படும் இனாம் அரபிச் சொல்தான், ஆனால் பாரசீக, உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்து இலவசம் என்று நிறம் மாறிவிட்டது.

அரபியில் ஷேக்குகளுக்குத் தந்த இத்தகைய பணத்துக்கு முஷாஹரா என்று ஒரு சொல் உண்டு. ஷஹ்ர் என்றால் மாதம், ஆகவே மாதந்தோறும் வருவது. அதற்கு நேராகத் தமிழில் படி இருக்கிறது. பயணப்படி, பஞ்சப்படி என்று தினமும் புழங்குகிற சொல். இன்ன காரணத்துக்கு, இன்ன கால அளவில், காரணம் உள்ளவரை என்பதுதான் படி. வாங்குகிறவரை அது தாழ்த்துவதில்லை, கொடுக்கிறவரை உயர்த்துவதும் இல்லை. அரசியல் நோக்கம் தெரிய வேண்டும் என்றால் முன்னால் ஆதரவு சேர்த்து ஆதரவுப்படி எனலாம். "இப்னு சவூதுக்குப் பிரிட்டன் மாதம் 5,000 பவுண்டு ஆதரவுப்படி கொடுத்தது" என்ற வாக்கியம் யாரையும் குழப்பாது. ஒருமுறை இப்படி எழுதிவிட்டால் அடுத்தடுத்து வெறும் படி என்றே போகலாம்.

ஆதரவுப்படிக்கு உள்ள வரம்பும் அந்தச் சொல்லிலேயே தெரிகிறது: ஆதரவை வாங்கலாம், பகையைத் தீர்க்க முடியாது. 1919 மே மாதம், துரபா சோலையில் முகாமிட்டிருந்த ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படையை இப்னு சவூதின் மதப்பற்று மிக்க பழங்குடிப் படையான இக்வான் வீரர்கள் விடியுமுன் தாக்கிச் சிதறடித்தார்கள். அப்துல்லா உயிர் தப்பியதே பெரிது. இரு பக்கத்துக்கும் பிரிட்டன் படி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. கெய்ரோ ஒருவரை நம்பியது, இந்திய அரசு இன்னொருவரை நம்பியது, லண்டன் இருவருக்கும் பணம் கட்டியது. போர் முடிந்ததும் ஹுசைனின் படி குறைந்து நின்றுபோனது. இப்னு சவூதின் படி 1924 மார்ச்சோடு நின்றது. அதே ஆண்டு அவருடைய படை தாயிஃபுக்குள் நுழைந்தது, அக்டோபரில் ஹுசைன் அரியணையை விட்டு விலகினார். படியை இழப்போம் என்ற தயக்கம் அப்போது இப்னு சவூதுக்கு இல்லை. தாரின் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலும் ஹிஜாஸ் கிடையாது.

1924க்குப் பிறகு சவூதி பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை அப்படியே நீட்டக் கூடாது. 1927 மே மாதம் ஜித்தாவில் கையெழுத்தான உடன்படிக்கை இப்னு சவூதின் முழுச் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு தாரின் ஒப்பந்தத்தை முடித்துவைத்தது. 1933இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி எண்ணெய் உரிமைக்காக 35,000 சவரனை ஜித்தாவில் எண்ணிக் கொடுத்தது. அதில் 30,000 கடன், 5,000 முதலாண்டு வாடகை. அந்தப் பணத்தை அந்தப் பெயர்களிலேயே எழுத வேண்டும், ஆதரவுப்படி என்று எழுதினால் தவறு.