சிரட்டைக் கோப்பைக்கு மேலே என்ன பூசியிருக்கிறார்கள்?

போன மாதம் ஒரு அன்ரி கடைக்கு வந்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த சிரட்டைக் கோப்பையை மேசையில் வைத்தார். "பிள்ளை, இது இயற்கைச் சாமான்தானே, ஏன் இப்பிடி உரியுது?" உள்பக்கம் முழுக்க மெல்லிய படலம் பாம்புச் சட்டை மாதிரி எழும்பி நின்றது. எங்கேயோ ஒரு கண்காட்சியில் வாங்கியதாம், ஆறு மாதமாகப் பேரனுக்கு அதில்தான் சுடச்சுடக் குரக்கன் கஞ்சி. விரலால் சுரண்டிப் பார்த்தேன். சிரட்டை அப்படியே உறுதியாக இருந்தது, உரிந்துகொண்டிருந்தது கதவுக்கும் கதிரைக்கும் அடிக்கிற வார்னிஷ்.

கொழும்பு வெள்ளவத்தையில் மரம், சிரட்டை, மண், பனையோலைச் சாமான் விற்கிற சின்னக் கடை எனக்கு, 11 வருடமாகிறது, பழுதும் பார்த்துக் கொடுக்கிறேன். திரும்பி வருகிற சாமான்களில் முக்கால்வாசிக்கு இதே கதைதான்: பொருள் நல்லது, பூச்சு கூடாதது. ஆகவே வாங்கும்போது "இது என்ன மரம்" என்று கேட்பதற்கு முதல், "மேலே என்ன பூசியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு என்று பதில் வந்தால் சரி. "சும்மா பொலிஷ்தான்" என்று மழுப்பினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு மணந்து பாருங்கள், பெயின்ட் கடை வாசம் வந்தால் அதில் சாப்பிட வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் மரத்துக்கு விற்கிற லின்சீட் (ஆளி விதை) எண்ணெயையும் அகப்பையில் பூசாதீர்கள். அது சீக்கிரம் காய வேண்டும் என்று உலோக உப்புகள் கலந்திருப்பார்கள்.

மண் பாத்திரத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கண்டி வீதியில் கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடவில் ரோட்டோரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பூச்சில்லாத சிவப்புச் சட்டியைப் பற்றி எனக்குப் பயமில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் நன்றாகச் சுட்டது, டொக்கென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. நான் பயப்படுவது பளிங்கு மாதிரி மினுங்குகிற, கலர் கலரான பூச்சுப் போட்ட மலிவுக் கோப்பைகளுக்கு. பூச்சு குறைந்த சூட்டிலேயே உருகிப் பரவ வேண்டும் என்பதற்காக ஈய ஒக்சைட் சேர்ப்பது பழைய வழக்கம், சில இடங்களில் இன்றைக்கும் நடக்கிறது. சரியாகச் சுடாத அப்படியான கோப்பையில் பழப்புளி, தேசிக்காய், தக்காளி, வினாகிரி என்று புளிப்பாக எதையாவது ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து சாப்பாட்டுக்குள் வரும். நிறமும் மாறாது, ருசியும் மாறாது, யாருக்கும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது, அதிலும் சின்னப் பிள்ளைகளின் மூளைதான் முதலில் அடிபடும். வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை, ஆய்வுகூடத்தில்தான் சோதிக்க வேண்டும். ஆகவே என்னுடைய கட்டுப்பாடு எளிது: எங்கே செய்தது, என்ன பூச்சு என்று விற்பவருக்கே தெரியாத மினுங்கல் கோப்பையை நான் கடைக்குள் எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் பூச்சில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழுந்த கோப்பை இருந்தால், அதில் ஊறுகாய் போட்டு வைக்காதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று, "மூங்கில்" என்று போட்டு விற்கிற கப்புகள், பிள்ளைகளின் தட்டுகள். உண்மையான மூங்கில் என்றால் நார் தெரியும், கணு தெரியும். எல்லாம் ஒரே மாதிரி வழுவழுவென்று, மேலே யானைப் படமும் போட்டிருந்தால் அது மூங்கில் தூளை மெலமைன் என்கிற பிளாஸ்டிக் பிசினில் கலந்து அச்சில் வார்த்தது. 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடான தேத்தண்ணியோ சூப்போ ஊற்றினால் மெலமைனும் ஃபோர்மல்டிஹைட் என்கிற இரசாயனமும் கசியலாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சாமான்களைச் சந்தையிலிருந்து எடுப்பதற்கென்றே 2021இல் தனி நடவடிக்கை தொடங்கியது. இங்கே இன்னமும் "இயற்கை" என்ற பெயரில் பரிசுப் பொருளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பனையோலைக்கு வருகிறேன், என் மனசுக்கு நெருக்கமானது அதுதான். 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி பிளாஸ்டிக் தட்டு, கரண்டியோடு பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டையும் தடை செய்தார்கள் இல்லையா, அதுக்குப் பிறகு பிரம்புத் தட்டும், பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியும் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் சிவப்பு, பச்சைச் சாயம் போட்ட ஓலையில் பிட்டு அவிக்காதீர்கள். அந்தச் சாயம் அலங்காரப் பெட்டிக்குப் போடுவது, ஆவி பட்டால் மாவில் இறங்கும். சாயமில்லாத வெள்ளோலைப் பெட்டியை மட்டும் அடுப்புக்கு எடுங்கள். கூழ் குடிக்கிற ஓலைப் பிளாவுக்கும் இதேதான்.

அப்புறம் பராமரிப்பு. கொழும்புக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கிறது, ஃபிளாட்டில் குசினி யன்னல் ஒன்றுதான், ஆக எல்லாச் சாமானுக்கும் முதல் எதிரி காயாமல் இருப்பது. மரக் கோப்பையைச் சிங்கில் ஊறப் போடாதீர்கள். கழுவின உடனே துடைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஈர மேடையில் படுக்க வைத்தால் கீழ்ப்பக்கம் மட்டும் ஊதி மரம் வளைந்துவிடும். உச்சி வெயில் மரத்துக்குக் கூடாது, வெடிக்கும். நீத்துப்பெட்டிக்கு மட்டும் காலை வெயில் ஒரு மணித்தியாலம் காட்டுங்கள், கரும்புள்ளிப் பூஞ்சணம் வந்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மஞ்சள் கறை பிடித்த அகப்பையைத் தேய்த்துக் கஷ்டப்படவும் தேவையில்லை, இளவெயிலில் வைத்தால் மஞ்சள் தானாக மங்கும்.

மரத்துக்கும் சிரட்டைக்கும் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய், மாதம் ஒரு தடவை. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் லேசில் காறாது. நல்லெண்ணெய் பூசினவர்கள் பிசுபிசுக்கிறது என்று கொண்டுவருகிறார்கள். புது மண் சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊற விட்டு, அடுத்த நாள் கஞ்சி காய்ச்சி ஆற விடுங்கள், மாப்பசை நுண்துளைகளை அடைத்துவிடும். கழுவச் சவர்க்காரம் வேண்டாம், மண் அதை உறிஞ்சி அடுத்த சொதியில் விடும், தும்பும் சுடுதண்ணீரும் போதும். தயிர்ச் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள், அது நெருப்புக்குச் செய்ததில்லை.

அன்ரியின் கோப்பைக்கு இரண்டு நாள் எடுத்தது. வார்னிஷ் முழுக்கப் போகும்வரை சாண்ட்பேப்பரால் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி மணந்து பார்த்து, வாசம் நின்ற பிறகு இரண்டு தரம் தேங்காய் எண்ணெய் தடவினேன். பழைய பளபளப்பு இல்லை, கறுப்பும் கபிலமும் கலந்த சிரட்டை நிறம் மட்டும். "இப்பதான் தேங்காய் மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார்.