பாக்குவெட்டிக்குள் சிக்கிய கல்

அம்மம்மாவின் பாக்குவெட்டி இப்பவும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சின்ன வயதில் பாக்களவு கூழாங்கல் ஒன்றை அதற்குள் வைத்து அழுத்தினேன். கல் வெட்டுப்படவில்லை, கத்தியும் அசையாமல் இறுகிப்போனது. பைரிமெதமின் என்ற மலேரியாக் குளிசை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் அந்தக் கல்லைத்தான் சொல்வேன்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மலேரியா பட்டவர்களுக்கு அந்த நடுக்கம் மறக்காது. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

செங்குழியத்துக்குள் மலேரியா ஒட்டுண்ணி பெருக வேண்டுமென்றால் டி.என்.ஏ. செய்தாக வேண்டும், அதற்கு ஃபோலேட் என்ற விற்றமின் தேவை, அந்த ஃபோலேட்டைப் பதப்படுத்துவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியம். அதன் குழிக்குள் ஃபோலேட் ஒரு பக்கம், ஐதரசனைக் கொடுக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறு அதை ஒட்டினாற்போல மறுபக்கம். நொதியம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் 54ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் ஃபோலேட்டின் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, இரண்டு எலத்திரன்களோடு ஒரு ஐதரசன் பக்கத்து என்.ஏ.டி.பி.எச்.இலிருந்து தாவி ஃபோலேட்டில் ஏறும். வேலை முடிந்தது.

பைரிமெதமின் அதே 54ஆம் இடத்தைப் பிடித்து, ஃபோலேட் போலவே உட்காரும், ஆனால் ஐதரசனை வாங்காது. உயர்தர உயிரியலில் நிரோதி என்று படித்தோமே, அதுதான் இது. நமது உடலிலும் இந்த நொதியம் உண்டு. ஒட்டுண்ணியின் குழியில்தான் மருந்து மிக இறுக்கமாகப் பொருந்தும்.

அப்படியிருந்தும் பிறகு பல இடங்களில் ஒட்டுண்ணி இந்த மருந்துக்குச் சாகாமல் தப்பியது. ஏன் மருந்து தோற்றது? 2003இல் தாய்லாந்தில் யொங்யுத் யுத்தவோங் என்ற விஞ்ஞானியின் குழு அந்த நொதியத்தைப் பளிங்காக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து அணுக்கள் இருக்கும் இடங்களைக் கணித்தது. விடை 108ஆம் இடத்தில் இருந்தது. அங்கே சின்னஞ்சிறு செரின் இருந்த இடத்தில், மருந்துக்கு எதிர்ப்புள்ள ஒட்டுண்ணியில் அதைவிடப் பருத்த அஸ்பராஜின் வந்திருக்கிறது. மருந்தின் குளோரீன் வளையம் நேரே அதில் முட்டுகிறது. ஃபோலேட்டுக்கு அந்தப் பக்கம் துருத்தும் பாகமே இல்லை, அதனால் அது வழக்கம்போல உட்காருகிறது. பாக்குவெட்டியின் வாய்க்குள் ஒரு சின்னப் புடைப்பு, கல் நுழையாது, பாக்கு நுழையும். ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்பதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

முட்டும் இடம் தெரிந்தால் முட்டாத மருந்தை வரையலாம். 2012இல் ஆய்வாக வெளிவந்த பி218 என்ற பரிசோதனை மருந்து அப்படி வரைந்ததுதான். விறைத்த வளையத்துக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் ஒரு வால், அது 108ஐச் சுற்றிக்கொண்டு போய், நுனியால் 122ஆம் இடத்து ஆர்ஜினைனைப் பிடித்துக்கொள்ளும். சரி, ஒட்டுண்ணி அந்த ஆர்ஜினைனையும் மாற்றிக்கொள்ளாதா? அங்கேதான் அதற்குச் சிக்கல், ஏனென்றால் அதே ஆர்ஜினைனைத்தான் ஃபோலேட்டும் பிடித்துக்கொண்டு உட்காருகிறது.