50 மைக்ரோ விநாடிக்குள் ஒரு தெரு

மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று கே.கே. நகரிலோ திருநகரிலோ லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். துணைமின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. ஆனால் அதே தெருவில் நாலைந்து மொட்டை மாடிகளில் சோலார் பலகைகள் மதுரை வெயிலை வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இன்வெர்ட்டர்கள் அப்போதும் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்கும் முந்தைய காவல் இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கிறது. வெளி மின்சாரம் நின்ற 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் தானாக விலகிவிட வேண்டும் என்கின்றன சர்வதேசத் தரவிதிகள்.

விலக வேண்டுமானால், கரண்ட் போனது அதற்குத் தெரிய வேண்டும். பெரும்பாலும் இது எளிது. தெருவின் தேவையும் மாடிகளின் உற்பத்தியும் பொருந்தாததால் மின்னழுத்தமோ அதிர்வெண்ணோ உடனே பிசகிவிடும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நேரம்தான் ஆபத்தானது. 230 வோல்ட் அப்படியே இருக்கும், 50 ஹெர்ட்ஸும் அப்படியே இருக்கும். அதனால் பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைத் தாமே லேசாக நகர்த்திப் பார்க்கின்றன. வெளி மின்சாரம் இருந்தால் அந்த முயற்சி எடுபடாது. இல்லையென்றால் அதிர்வெண் நழுவிக்கொண்டே போய் எல்லை தாண்டும், இன்வெர்ட்டர் அணைந்துவிடும்.

இப்படி ஒரு சமநிலையைத் தெருவில் வேண்டும்போது உண்டாக்க முடியாது. ஆகவே இன்வெர்ட்டரின் கன்ட்ரோலர் பலகையை மட்டும் உண்மையாக மேசையில் வைத்துவிட்டு, சோலார் பலகைகள், மின்கம்பி, வீடுகளின் சுமை எல்லாவற்றையும் ஒரு கணினிக்குள் சமன்பாடுகளாக ஓட்டுகிறார்கள். ஹார்டுவேர் இன் தி லூப் என்பது இந்த முறையின் பெயர். கன்ட்ரோலருக்குத் தெரிந்தவரை அது நிஜத் தெருவில்தான் இருக்கிறது.

அதை அப்படி நம்ப வைக்க, அந்தக் கணினி, அதாவது சிமுலேட்டர், ஒவ்வொரு 50 மைக்ரோ விநாடிக்கும் (மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒருமுறை கன்ட்ரோலரின் கட்டளையைப் படித்து, சமன்பாடுகளைத் தீர்த்து, அடுத்த மின்னழுத்தத்தை வெளியே தர வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி ஆகிறது. அந்த ஒரு சுற்றுக்குள் 400 கணக்குகள். இதுவும் போதாத இடம் உண்டு. இன்வெர்ட்டரின் மின்னணு ஸ்விட்சுகள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுபவை. அந்தப் பகுதியை மட்டும் உட்சுற்றை நாமே வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ என்ற சில்லில் ஏற்றி, 1 மைக்ரோ விநாடிக்கும் குறைவான படிகளில் ஓட்டுவார்கள்.

இப்படிக் குறித்த நேரத்துக்குள் விடை தரும் முறைக்கு ரியல்-டைம் என்று பெயர். ரியல்-டைம் என்றால் அதிவேகம் என்றே பலர் நினைக்கிறார்கள். வேகத்தை விட, குறித்த நேரம் தவறாமைதான் இங்கே முக்கியம். சித்திரைத் தேர் மாசி வீதி மூலையில் திரும்பும்போது சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான கட்டையே ஆனாலும் சற்றுப் பிந்திப் போட்டால் அது தவறான கட்டைதான். சிமுலேட்டரின் விடையும் அப்படியே. 53-வது மைக்ரோ விநாடியில் வரும் மிகச் சரியான விடை, தவறான விடை.

இந்தச் சிமுலேட்டர் மென்பொருளுக்கு அப்டேட் வரும்போது நான் கவலைப்படுவது இதனால்தான். புதிய வசதிகளின் பட்டியலை எல்லோரும் படிக்கிறார்கள். அடியில் மாறியவை கண்ணில் படுவதில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மாறினால் தசமக் கூட்டல்களின் வரிசை மாறி, கடைசி இலக்கங்கள் வேறாகலாம். சில சமயம் இயங்குதளமே மாறிவிடும். இவ்வகைச் சோதனைகளுக்கான சிமுலிங்க் ரியல்-டைம் மென்பொருள் 2020-இல் க்யூஎன்எக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறியது. லினக்ஸின் ரியல்-டைம் மாற்றங்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒட்டு நிரலாகவே இருந்துவிட்டு, 2024-இல் வந்த 6.12 பதிப்பில்தான் அந்த இயங்குதளத்தின் மையமான மூலக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தன. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நேரக்கணக்கைத் தொடுகிறது.

அந்த நேரக்கணக்கைப் பார்க்கும்போது சராசரி உதவாது. பத்து லட்சம் படிகளில் ஒன்றே ஒன்று தாமதமாகிறது என்றால் கேட்க அற்பமாக இருக்கும். 50 மைக்ரோ விநாடிப் படிகள் பத்து லட்சம் ஓட ஆகும் நேரம் வெறும் 50 விநாடி! 2 விநாடிச் சோதனைக்கு நடுவே அந்தத் தாமதம் விழுந்தால், இன்வெர்ட்டர் அணைந்தது அதன் திறமையாலா, சிமுலேட்டரின் தடுமாற்றத்தாலா என்று சொல்ல வழியில்லை.

அரிய தாமதத்தைப் புறந்தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்குச் செவ்வாய்க் கோளிலிருந்தே சான்று உண்டு. 1997 ஜூலையில் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி திரும்பத் திரும்பத் தானே மறுதொடக்கம் ஆனது. முக்கியத்துவம் குறைந்த வானிலைப் பணி ஒன்று பொதுத் தரவுப் பாதையைப் பூட்டி வைத்திருக்க, அவசரப் பணி காத்துக் கிடக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட பணி ஒன்று புகுந்து நேரத்தைத் தின்றது. ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலேயே இந்தப் பிழை அரிதாகத் தலைகாட்டியிருந்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே வகைக் கணினியில் பிழையை மீண்டும் வரவழைத்துக் காரணத்தைப் பிடித்து, திருத்தத்தை விண்வெளி தாண்டி அனுப்பினார்கள்.

நம் ஆய்வகங்களில் அப்டேட் வந்தால் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. பழைய பதிப்பில் ஓட்டிய அதே மாதிரியை, அதே உள்ளீடுகளோடு புதிய பதிப்பிலும் ஓட்டி, அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மிக நீண்ட படி எது என்பதைத் தனியாகப் பதிய வேண்டும். சோதனைத் தொடர் ஓடும்போது நடுவில் பதிப்பை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் மாணவர்களுக்கு இது கசக்கும்.

எதிர்த்திசைச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை, மின்னழுத்தம் கணநேரம் சரிந்தவுடன் விலகிவிட்டால் சரிவு இன்னும் மோசமாகும். அங்கே இன்வெர்ட்டர் தாக்குப்பிடித்து நிற்க வேண்டும். மொட்டை மாடியில் விலக வேண்டும், கமுதியில் நிற்க வேண்டும். அந்த இரண்டு முடிவுகளும் எந்தச் சிமுலேட்டர் பதிப்பில், எந்தக் கம்பைலரில், எத்தனை மைக்ரோ விநாடிப் படியில் கிடைத்தன என்பது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.