குழந்தை சிறுத்ததற்குச் சாப்பாடு மட்டும்தான் காரணமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு மாதம் நிறைந்து பிறந்த குழந்தை இரண்டு கிலோதான். அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமியார் வீட்டில் குறை சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் இதை முன்கூட்டியே பார்த்திருக்க முடியாதா?"

ஓரளவு முடியும். 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடைக்குறைவு. ரத்தசோகை, ரத்த அழுத்தம், தொற்று என்று காரணங்கள் பல. சத்துக்குறைவும் உண்டுதான். 2013-இல் பாலக்காட்டின் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்ட பெண்ணுக்கும் குழந்தை சிறுத்துப் பிறப்பதுண்டு. அப்போது பார்க்க வேண்டியது நஞ்சுக்கொடியை.

கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைகின்றன. இவை குழந்தையின் பக்கத்துச் செல்கள், தாயுடையவை அல்ல. அங்கிருக்கும் சுருள் தமனிகளின் தசையைக் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்களே அமர்ந்துகொள்கின்றன. தசை போய்விட்டால் தமனியால் சுருங்க முடியாது; அதன் வாய் பல மடங்கு அகன்றுவிடும். சித்தூர் வயல்களில் மடையை அகலத் திறந்தால் தண்ணீர் மண்ணை அரிக்காமல் பரவுமே, அதுபோல ரத்தம் நிறையவும் நிதானமாகவும் வந்து சேரும். இன்னும் பிறக்காத உயிர் தனக்கான பாதையைத் தானே வெட்டிக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சுமார் இருபது வாரத்துக்குள் முடிய வேண்டிய இந்த வேலை சிலருக்குப் பாதியில் நின்றுவிடும். வாய் குறுகலாகவே இருக்கும். நஞ்சுக்கொடி திணறும். அந்தத் திணறல்தான் தாயின் ரத்தத்தில் தெரிகிறது.

ரத்த நாளங்கள் வளர உதவும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதத்தை நஞ்சுக்கொடி சுரக்கிறது. நாளச் சுவரில் பதிந்திருக்கும் எஃப்எல்டி-1 என்ற ஏற்பியில், அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற புரதத்தில், அது போய் ஒட்டினால்தான் வேலை நடக்கும். திணறும் நஞ்சுக்கொடி, இதே ஏற்பியைச் சுவரில் பதியும் பகுதி இல்லாமல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அது மிதந்துகொண்டே பிஎல்ஜிஎஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளம் வரை போக விடாது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் இந்த மிதக்கும் ஏற்பி மிகுந்திருப்பதை 2003-இல் கண்டறிந்தது பாஸ்டனில் இயங்கிய அனந்த் கருமஞ்சியின் குழு. அவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வளர்ச்சி குன்றும் கர்ப்பங்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

35 வாரத்துக்கு முன் ஒரு மில்லி லிட்டரில் பிஎல்ஜிஎஃப் 100 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் உஷாராவார். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! பெற்றோரின் உடல்வாகால் சிறுத்த ஆரோக்கியமான குழந்தை என்றால் இந்த அளவு பொதுவாகக் குறையாது. ஸ்கேன் மட்டும் பார்த்து இந்தக் குழந்தையையும், நஞ்சுக்கொடி திணறுவதால் சிறுத்த குழந்தையையும் பிரிப்பது கடினம்.

இந்த வரம்புகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களை வைத்து வகுத்தவை. பாலக்காட்டு, கோவைப் பெண்களின் ரத்தத்தில் இயல்பான அளவு என்ன என்று பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதோடு, எட்டாம் மாதத்தில் குறைத்துச் சாப்பிட்டால் பிரசவம் சுலபம் என்ற பேச்சை ஒழிக்க வேண்டும். அது தாய்க்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு.

வாசகியின் மகள் அடுத்த முறை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையின் அறிக்கையில் பாப்-ஏ என்றொரு எண் இருக்கும். அதுவும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதுதான். டவுன் குறைபாட்டுக்கான வரியை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடாமல், அந்த எண் மிகக் குறைவாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். குறைவு என்றால், பின் மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வார். முதல் குழந்தையின் எடையையும் அப்போது மறக்காமல் சொல்லுங்கள்.