பாதியில் விட்ட எம்.எஸ்.: மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி ஓயாமல் வரும். பெரும்பாலும் அப்பாதான் பேசுவார். "பையன் எம்.எஸ். சேர்ந்து ஒரு செமஸ்டர் படித்தான் சார். ஒத்துவரவில்லை, நின்றுவிட்டான். இப்போது டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறான். அந்த ஒரு செமஸ்டரைக் காட்டாமல் விண்ணப்பித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?"

தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், மறைக்கும் அளவுக்கு அது ஒன்றும் குற்றமில்லை. இந்த இரண்டையும் ஒரே அழைப்பில் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அப்பாக்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் பார்த்து வளர்ந்த முறை வேறு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் தரவரிசைதான் எல்லாம். எம்.எஸ்சி.யைப் பாதியில் விட்டவர் நல்ல மதிப்பெண்ணோடு கலந்தாய்வுக்குப் போனால், "ஏன் விட்டாய்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவருடைய தலைவலியெல்லாம் பழைய கல்லூரியில் கொடுத்த அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதுதான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்த பிறகும் அதற்காக நடையாய் நடப்பவர்கள் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், பழைய படிப்பைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை.

இங்கே அப்படி இல்லை. எம்.டி. (இங்கே இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகத்தான் மாணவர்களைச் சேர்க்கின்றன. ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். ஏறத்தாழ 23,000 பேர் சேர்கிறார்கள். மதிப்பெண்ணோடு, அந்த ஆளுடைய கடந்த சில ஆண்டுகளையும் உட்கார்ந்து படிக்கிறது தேர்வுக் குழு. பள்ளியை முடித்த பிறகு அமெரிக்காவிலோ கனடாவிலோ எந்தக் கல்லூரியில் பெயர் பதிந்திருந்தாலும், அங்கே ஒரு கிரெடிட்கூட வாங்காவிட்டாலும், அதைக் குறிப்பிட்டு டிரான்ஸ்கிரிப்டை, அதாவது கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலை, அனுப்பச் செய்ய வேண்டும் என்பது ஆம்காஸ் விதி. டெக்சஸ் மாநிலத்தின் தனி விண்ணப்பமும், டி.ஓ. என்ற மற்றொரு மருத்துவர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் விண்ணப்பமும் அதையேதான் கேட்கின்றன.

விண்ணப்பத்தில் பாடங்களைப் பதியும் பகுதியைப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். ஒவ்வொரு பாடத்தின் எண், பெயர், கிரெடிட், கிரேடு எல்லாவற்றையும் டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே மாணவரே பதிய வேண்டும். பாதியில் விலகிய பாடத்துக்கு ஒரு வகை, முடிக்காமல் நிலுவையில் விட்டதற்கு இன்னொரு வகை, மீண்டும் படித்ததற்கு வேறொன்று. பிறகு ஊழியர்கள் அதை டிரான்ஸ்கிரிப்டோடு வரி வரியாக ஒப்பிடுவார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இதற்கே பல வாரங்கள் பிடிக்கும். ஒரு கல்லூரியை மறைத்தது தெரியவந்தால் விசாரணை நடக்கும். அதன் அறிக்கை விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் போகும். கிடைத்த இடமும் பறிபோகலாம். ஒரு செமஸ்டர் விலகல் எந்தக் குழுவையும் பயமுறுத்தியதில்லை. பொய் சொன்னவரிடம் நாளை நோயாளியின் குறிப்பேட்டைக் கொடுப்பதா என்றுதான் அவர்கள் யோசிப்பார்கள்.

அப்படியானால் உண்மையில் பாதிப்பு எங்கே? விட்டதில் இல்லை, விட்ட விதத்தில்.

முறைப்படி பதிவாளர் அலுவலகத்தில் விலகல் படிவம் கொடுத்து, கெடுவுக்குள் வெளியேறியவரின் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' என்று இருக்கும். அது ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் சேராது. படிவம் கொடுக்காமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தியவருக்கு 'எஃப்' விழும். நான் பார்க்கும் மிகப் பரிதாபமான டிரான்ஸ்கிரிப்டுகள் இந்த வகைதான். மனம் நொந்து, ஊருக்குப் போய், மின்னஞ்சலைத் திறக்காமலே இருந்துவிடுவார்கள். நான்கு பாடங்களில் நான்கு 'எஃப்' காத்திருக்கும். 'ஐ' என்ற நிலுவைக் குறியும் இப்படித்தான் ஏமாற்றும். பல பல்கலைக்கழகங்களில் குறித்த காலத்துக்குள் பாடத்தை முடிக்காவிட்டால் அது தானாகவே 'எஃப்' ஆகிவிடும். ஆகவே விடுவது என்று முடிவெடுத்துவிட்டால், முதல் வேலை பெட்டி கட்டுவதல்ல, படிவம் கொடுப்பது. உடல்நலமோ குடும்பத்தில் ஓர் இழப்போ காரணமென்றால், முழுவதும் விலகாமல் விடுப்பு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். விடுப்பு கதவைச் சாத்திவிடாது.

மதிப்பெண் பற்றி ஓர் ஆறுதல். ஆம்காஸ் முதுநிலை ஜிபிஏவைத் தனியாகக் கணக்கிடுகிறது, இளநிலையோடு கலப்பதில்லை. முதுநிலையில் சறுக்கியதால் இளநிலையில் வாங்கிய 3.8 இறங்காது. முதுநிலையில் 4.0 வாங்கியதால் இளநிலையின் 3.2 ஏறவும் ஏறாது. இரண்டாவது செய்தி பலருக்குக் கசக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தானாக விலகுவது வேறு, பல்கலைக்கழகம் அனுப்பிவிடுவது வேறு. படிப்பில் பின்தங்கியதற்காகவோ நடத்தைக்காகவோ பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்திருந்தால், விண்ணப்பத்தில் அதற்கென்று தனிக் கேள்வி உண்டு. 'ஆம்' என்று சொல்லி விளக்க வேண்டும். எச்சரிக்கைக் கட்டத்தில் வைக்கப்பட்டதும் இதில் வரலாம். துறையிலிருந்து வந்த பழைய கடிதத்தைத் தேடியெடுத்து, அதில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

எந்தப் படிப்பை விட்டார் என்பதும் பொருட்டு. கணினி அறிவியலையோ பொதுச் சுகாதாரத்தையோ விட்டு மருத்துவத்துக்கு வருவதைக் குழு எளிதில் புரிந்துகொள்ளும். ஆனால் 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்' என்று இங்கே வழங்கப்படும் ஓராண்டுப் படிப்பு வேறு. மருத்துவ மாணவர்கள் படிக்கும் அளவிலான பாடங்களைப் படித்து, என்னால் முடியும் என்று நிரூபிப்பதற்காகவே அதில் சேர்கிறார்கள். அதையே பாதியில் விட்டால், நிரூபிக்க வந்த இடத்தில் எதிர்ச்சான்று கொடுத்ததாகிவிடும். அதிலிருந்து மீள முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த ஜூனிலேயே விண்ணப்பிக்கத் துடிப்பவரைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பேன்.

இன்னும் விடவில்லை, விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் நறுக்கென்று இருக்கும். ஒரு செமஸ்டர்தான் பாக்கி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள். முதுநிலைப் படிப்பில் இருப்பவர், மருத்துவ வகுப்பு தொடங்கும் முன் அந்தப் பட்டத்தை முடித்திருக்க வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் நிபந்தனை வைக்கின்றன. மருத்துவ இடம் கிடைத்ததும் விட்டுவிடலாம் என்று திட்டமிட்டு எம்.எஸ். சேர்வது இதனாலேயே ஆபத்து.

இனி, குழு மனத்தில் ஓடும் சந்தேகத்துக்கு வருவோம். மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு. அதற்குமேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டு, சில துறைகளில் ஏழு. ஒன்றரை ஆண்டுப் படிப்பை விட்டவர் இதில் நிற்பாரா? இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. விட்ட பிறகு என்ன செய்தார், எதில் தரித்து நின்றார் என்பதே பதில்.

என்னிடம் வந்த ஒரு பெண் புள்ளியியல் தொடர்பான முதுநிலைப் படிப்பை இரண்டு செமஸ்டரில் விட்டவள். அவளுடைய விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரைவில், தமிழில் சொன்னால், இப்படி ஒரு பத்தி இருந்தது: "எண்களுக்கு நடுவில் என் ஆன்மா வாடியது. மனிதர்களுக்குச் சேவை செய்வதே என் பிறவிப் பயன் என்று அன்று உணர்ந்தேன்." அதற்குப் பிறகும் இரண்டு பத்திகள் துறையைப் பழித்து. நான் அவளிடம் கேட்டது, விட்ட அடுத்த திங்கட்கிழமை என்ன செய்தாய் என்று. ஆம்புலன்ஸ் பணிக்கான பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டினாளாம். பிறகு இரண்டு குளிர்காலம் இரவுப் பணி. அது கட்டுரையில் எங்குமே இல்லை! கடைசியில் அந்த விளக்கம் மூன்று வாக்கியமாகச் சுருங்கியது: ஆய்வுப் பணிக்கு அடித்தளமாக இருக்கும் என்று சேர்ந்தேன், இரண்டு செமஸ்டர் முடிந்ததும், நான் விரும்பும் வேலை நோயாளியின் பக்கத்தில்தான் என்று தெரிந்து முறைப்படி விலகினேன், அன்றிலிருந்து அவசர ஊர்தியில் பணிபுரிகிறேன். இதை, மருத்துவக் கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் இரண்டாம் கட்டக் கட்டுரையில் வைத்தோம். 5,300 எழுத்துகளுக்கு மேல் இடம் தராத முதன்மைக் கட்டுரையை இதற்கென்று செலவழிக்கவில்லை. அது முழுக்க இரவுப் பணியைப் பற்றியதாக இருந்தது. நேர்காணலிலும் இதே அளவுதான். காரணம் சொல்லத் தொடங்கி ஐந்து நிமிடம் ஓடிவிட்டால், எதிரில் இருப்பவருக்கு அதுவே சந்தேகமாகிவிடும்.

பழைய துறையிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைத்தால், நூறு விளக்கத்துக்குச் சமம். விலகியவரைப் பற்றி நல்லவிதமாக எழுத ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்றால், சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை என்று தெரிந்துவிடுகிறது. கேட்கக் கூச்சப்படுகிறார்கள் நம் பிள்ளைகள். கேட்டால் எழுதித் தருபவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இந்தியாவில் பி.இ. அல்லது பி.டெக். முடித்து, இங்கே எம்.எஸ். சேர்ந்து, அதையும் விட்டுவிட்டு மருத்துவம் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டுகளை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. அந்த மதிப்பெண்கள் ஜிபிஏவிலும் வராது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ நான்கு ஆண்டு உழைத்து வாங்கிய மதிப்பெண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஆக, குழு பார்க்கும் ஒரே கிரேடு அந்தப் பாதி எம்.எஸ். மட்டுமே. மற்றவர்களுக்கு அடிக்குறிப்பாக இருப்பது இவர்களுக்கு முழுப் பக்கமாகிவிடுகிறது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் போதாது; உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வகத்தோடு ஓர் அமெரிக்கக் கல்லூரியில் இளநிலை அளவில் படித்துத் தேற வேண்டியிருக்கும். சில கல்லூரிகள் இங்கேயே இளநிலைப் பட்டம் வேண்டும் என்றும் கேட்கும். இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

இதுவும் கிரீன் கார்டு இருப்பவர்களுக்குத்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பன்னாட்டு மாணவர் அலுவலகத்தை. பதிவாளரை அதற்குப் பிறகுதான். அவர்கள் அனுமதியோடு விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள் அவகாசம் உண்டு. சொல்லாமல் விலகினால் அதுவும் கிடையாது. படிப்பை முடித்தவருக்குள்ள 60 நாளும், அதன்பின் வேலை பார்க்கும் அனுமதியும் இவருக்கில்லை. பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதும் இல்லை. பரிசீலிக்கும் கல்லூரிகளிலும், பல லட்சம் டாலர் கட்டணத்துக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்பவை இருக்கின்றன. விசாவை இழந்த பிறகு என்னை அழைத்துப் பயனில்லை.

கடனையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு முதுநிலை, தொழில்முறைப் படிப்புகளுக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். ஒருவர் வாழ்நாளில் மாணவராக வாங்கக்கூடிய கடனுக்கும் 2,57,500 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முடிக்காத எம்.எஸ்.ஸுக்கு வாங்கியதும் அந்த வாழ்நாள் கணக்கில் ஏறும். பட்டம் வராவிட்டாலும் கடன் வரும்.

கடைசியாக ஓர் அற்ப விஷயம். பழைய பல்கலைக்கழகத்தில் சிறு பாக்கி இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் இடங்கள் உண்டு. தேவையான டிரான்ஸ்கிரிப்டெல்லாம் வந்து சேரும்வரை ஆம்காஸில் சரிபார்ப்பு தொடங்காது. கார் நிறுத்தியதற்கான அபராதம் கட்டாமல் விட்டு, ஜூலை முழுவதும் காத்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன். மே மாதம் விண்ணப்பம் திறக்கும். மார்ச்சிலேயே பழைய மாணவர் கணக்கில் நுழைந்து, பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் அதற்கே ஒரு வாரம் ஆகும்.