பால்பல்லில் சொத்தை எப்படி உருவாகிறது?

குழந்தையின் பல்லில் கரும்புள்ளி ஒன்று தெரிந்தால், “பால்பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அந்தச் சொத்தைக்கு ஏற்கெனவே பல மாத வயதாகியிருக்கும். விழப்போகும் பல் என்று நாம் எண்ணும் பின்கடைவாய்ப் பால்பல்லோ, குழந்தைக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும்வரை வாயில் இருந்து மெல்ல வேண்டியது.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான் என்றாலும், அமிலத்தில் அது கரையும். பல்லின்மேல் பசைபோல் ஒட்டியிருக்கும் படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியாக்கள், உணவிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே படலத்தின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) சரியத் தொடங்கி, ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கியதும், எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள அதே தாதுக்களைக் கொண்டு இழப்பை நிரப்புகிறது. இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கலாம்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்ற கேள்வி பெரிதாவது இதனால்தான். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் தின்ற இனிப்பைப் பல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதையே மாலை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்தால், உமிழ்நீர் தன் வேலையை முடிக்குமுன்னரே அடுத்த அமிலத் தாக்குதல் வந்துவிடும். உறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அப்போது உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் முதலில் அரிக்கப்படுவதும், நாக்கின் மறைப்பிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் அருகிலும் இருக்கும் கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதும் இந்தக் காரணத்தை அப்படியே காட்டுகின்றன.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினுடையதில் ஏறத்தாழ பாதித் தடிமனே உடையது. உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் இருக்கும் பற்கூழோ, பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால் சொத்தை விரைவில் நரம்பை எட்டிவிடுகிறது. வேர்வரை பரவும் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையும் பாதிக்கக்கூடும். கடைவாய்ப் பால்பல்லைக் காலத்துக்கு முன்பே இழந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய பல்லின் வழியை அடைத்துவிடும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. சொத்தையின் முதல் அடையாளம் ஈறையொட்டித் தோன்றும் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு. குழி விழாத அந்தக் கட்டத்தில் அதை மீட்க முடியும். மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பற்பசையிலுள்ள ஃபுளோரைடு, திரும்பப் படியும் தாதுக்களோடு சேர்ந்து, அமிலத்தை முன்னைவிட நன்றாகத் தாங்கும் படிகங்களை உண்டாக்குகிறது. மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் போதும். அளவு மிஞ்சினால், குழந்தை விழுங்கும் ஃபுளோரைடு தாடைக்குள் வளரும் நிலைப்பற்களில் வெண்திட்டுகளை ஏற்படுத்தலாம். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். வாயை நிறைய நீரால் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவப்பட்டுவிடும்.

ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதையும் பால்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடும் பெற்றோர் உண்டு. ஆழமான பள்ளங்கள் கொண்ட இந்தப் பல், முழுதாக வெளிவரும்வரை மற்றவற்றைவிடத் தாழ்ந்தே இருப்பதால், நேராக ஓட்டும் பிரஷ் அதைத் தொடாமலே கடந்துவிடும். பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக வைத்து அந்தப் பல்லைத் தனியே தேய்க்க வேண்டும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் அதைச் செய்துவிடுவதே நல்லது.